ஐந்து நிமிடம் கொடுத்தால் ஐந்து நிமிடம்தான்!



மேடை என்றால் நம்மவர்களுக்குக் கொள்ளைப் பிரியம். கோயில் திருவிழாவாகட்டும், கல்யாண வீடாகட்டும், பள்ளிக்கூட விழாவாகட்டும், ஒலிபெருக்கி கைக்கு வந்துவிட்டால் போதும். “இரண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்” என்றுதான் தொடங்குவார்கள். இருபது நிமிடம் ஓடியிருக்கும். அந்த இரண்டு வார்த்தை மட்டும் இன்னும் வந்திருக்காது! பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கும் சனம் மணியைப் பார்க்கும். பிள்ளைகள் அழும். பேசுகிறவருக்கு மட்டும் எதுவும் தெரியாது.

கல்யாண வீட்டில் இப்படி நடந்தால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. சோறு ஆறிப்போகும், அவ்வளவுதான். ஆனால் நம்முடைய குறையைச் சொல்வதற்கென்றே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கிடைக்கிற இடங்கள் உண்டு. சங்கக் கிளைக் கூட்டம், நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை, தொழிலாளர் இலாகா, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், தோட்டம் கைமாறும்போது வீட்டைப் பற்றி நடக்கும் கூட்டம் என்று எத்தனையோ சொல்லலாம். அங்கே நேரத்தைக் கோட்டை விட்டால் ஆறிப்போவது சோறு இல்லை. நம் நியாயம்!

இதை ஏட்டைப் படித்துவிட்டுச் சொல்லவில்லை. நானே செய்த தவறு ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா இழந்த ஐந்து நிமிடம்

1978ஆம் ஆண்டு. நான் அப்போது மீசை முளைத்த புதிது. ஏழெட்டுப் புத்தகம் படித்திருந்தேன். பேச்சுப் போட்டியில் ஒரு கோப்பையும் வாங்கியிருந்தேன். எங்கள் தோட்டத்துக்குக் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி மேற்பார்வைக்கு வந்தார். வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார். தொழிலாளர் சார்பில் இரண்டு பேர் பேசலாம், இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

குடிதண்ணீர் விஷயத்தை நான் பேசுவது, ஆயாக் கொட்டகை விஷயத்தைப் பால் வெட்டும் அக்கா ஒருவர் பேசுவது என்று முடிவாயிற்று. ஆளுக்கு ஐந்து நிமிடம்.

ஆபீசு வாசலில் நின்றேன். அதிகாரிக்கு வணக்கம், பெரிய துரைக்கு வணக்கம், சின்னத் துரைக்கு வணக்கம், பெரிய கிராணிக்கு வணக்கம், தாய்மார்களுக்கு வணக்கம். அதற்குப் பிறகு, நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த கதை. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட கதை. நான் கவனிக்காத ஒன்று உண்டு. பெரிய துரைக்குத் தமிழ் புரியும், வந்த அதிகாரிக்குப் புரியாது. நான் ஒரு வாக்கியம் சொன்னால் பெரிய கிராணி அதை இங்கிலீசில் சொல்ல வேண்டும். நான் நிற்பேன், அவர் சொல்வார். மறுபடி நான், மறுபடி அவர். தண்ணீர் என்ற சொல்லை நான் சொல்வதற்குள் எட்டு நிமிடம் போய்விட்டது. முடிக்கும்போது பன்னிரண்டு நிமிடம்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

பக்கத்தில் நின்ற அக்கா வாயே திறக்கவில்லை. ஆயாக் கொட்டகைக் கூரை ஓட்டை, மழை பெய்தால் பிள்ளைகள் நனையும் என்று சொல்ல வந்தவர். அன்று மாலை எங்கள் லயத்துப் பக்கம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. “தம்பி, நீ நல்லாத்தான் பேசுன. ஆனா என் நேரத்தையும் சேத்துப் பேசிட்டியேப்பா” என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கூரை இன்னும் ஒரு வருடம் ஒழுகியது. ஒரு மழைக்காலம் முழுக்க ஆயா தொட்டில்களை இங்கும் அங்கும் மாற்றி மாற்றிக் கட்டினார். அதற்குக் காரணம் கம்பெனி மட்டுமா? நானும்தான்.

மறு வருடம் அக்காவே முதலில் பேசினார். ஏட்டில் எழுதிக்கொண்டு வரவில்லை. ஆனால் ஒரு வாரமாக, மரம் வெட்டும்போதே தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

“ஐயா, வணக்கம். ஆயாக் கொட்டகைக்குப் புதுக் கூரை வேணும். இருபத்தோரு புள்ளைங்க இருக்கு. மூணு எடத்துல ஒழுகுது. மழை பேஞ்சா தொட்டி கட்ட எடமில்ல. புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா தாயி வேலைக்கு வரமாட்டா. கம்பெனிக்கும் நட்டம். கொட்டகை இங்கேருந்து நூறு அடிதான். இப்பவே வந்து பாருங்க ஐயா.”

கிராணி மொழிபெயர்த்ததையும் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அதிகாரி எழுந்தார். இந்த முறை காருக்குப் போகவில்லை, கொட்டகைக்குப் போனார். அடுத்த மாதத்துக்குள் புதுத் தகரம் வந்துவிட்டது.

பேச்சு என்றால் என்ன என்பதை நான் கோப்பை வாங்கிய மேடையில் கற்கவில்லை. அன்றைக்கு அந்த ஆபீசு வாசலில்தான் கற்றேன்.

நேரம் யாருடைய சொத்து?

கூட்டத்தில் நமக்குக் கொடுத்த நேரம் நம் சொத்து. அதற்கு மேல் நாம் எடுத்துக்கொள்கிற ஒவ்வொரு நிமிடமும் இன்னொருவர் சொத்து. பெரும்பாலும் அது பட்டியலில் கடைசியில் இருப்பவருடைய நேரம். கடைசியில் யாரைப் போடுகிறோம்? பெண்களை, இளையவர்களை, முதல் முறை பேச வருகிறவர்களை. ஆக, தலைவர் நீட்டி முழக்கும்போது பறிபோவது வாய் திறக்கவே தயங்குகிறவர்களின் வாய்ப்புத்தான்.

அடுத்தவர் நிரையில் புகுந்து மரம் வெட்டினால் சும்மா இருப்போமா? சண்டைக்குப் போவோம் அல்லவா? அடுத்தவர் நேரத்தில் புகுந்து பேசுவதும் அதே போன்ற காரியந்தான்.

நேரத்தின் அருமையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போனவர்கள் நாம். ரப்பர் மரம் விடியற்காலைக் குளிர்ச்சியில் நன்றாகப் பால் கொடுக்கும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். மங்கில் விழுந்த பாலையும் உறைவதற்குள் எடுத்தாக வேண்டும். பிந்தினால் பால் கட்டிப்பால் ஆகிவிடும், விலையும் குறையும். பேச்சும் அப்படித்தான். கேட்பவர் மனம் குளிர்ச்சியாக இருக்கிற முதல் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் பால் வராது!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

“ஐந்து நிமிடந்தானே, பேசிக்கொள்ளலாம்” என்று பலரும் கணக்கே போடாமல் எழுந்துவிடுகிறார்கள். நாம் போட்டுப் பார்ப்போம்.

எழுந்து போய் நின்று, தொண்டையைச் சரிசெய்து, வணக்கம் சொல்ல அரை நிமிடம். மீதி நாலரை. உங்கள் பேச்சை ஒருவர் மலாயிலோ இங்கிலீசிலோ மொழிபெயர்த்தால் அதில் சரிபாதி அவருக்கு. உங்களுக்கு மிஞ்சுவது இரண்டே கால் நிமிடம். நிதானமாகத் தமிழ் பேசுகிறவர் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய நூறு சொல் பேசலாம். ஆக, உங்கள் கையில் இருப்பது இருநூறு சொல், சற்றுக் கூடுதலாக. பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் ஒன்று அல்லது ஒன்றரைப் பக்கம். அவ்வளவுதான் முதல். அதற்குள் வியாபாரத்தை முடிக்க வேண்டும்.

முதலில் பெயர் பெயராக வணக்கம் சொல்லும் பழக்கத்தை விட வேண்டும். “தலைவருக்கும் அவையோருக்கும் வணக்கம்” என்றால் யாருக்கும் மரியாதை குறைந்துவிடாது. முன்னால் பேசியவர் சொன்னதை மறுபடி சொல்லாதீர்கள். “எனக்குப் பேசத் தெரியாது, தவறு இருந்தால் மன்னிக்கவும்” என்ற பாட்டும் வேண்டாம். அதைச் சொல்கிற நேரத்தில் ஒரு குறையைச் சொல்லிவிடலாம்.

தலையை முதலில் வையுங்கள்

நமக்கு ஒரு வழக்கம் உண்டு. கதையை ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்து, கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்போம். மணி அடித்தால் வெட்டுப்படுவது வால் அல்லவா? உயிரைக் கொண்டுபோய் வாலில் வைத்தால் என்ன ஆகும்?

அதனால் என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள். அடுத்து, ஏன் வேண்டும். அதற்கடுத்து, எண்ணிக்கையும் தேதியும் இடமும். கடைசியில், யார் எப்போது என்ன செய்ய வேண்டும். இந்த வரிசையில் பேசினால் எந்த இடத்தில் மணி அடித்தாலும் நட்டம் இல்லை.

இன்னொன்று. ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு விஷயம். தண்ணீர், விளக்கு, சாலை, பள்ளிக்கூடம், சம்பளம் என்று ஐந்தையும் கொட்டினால் கேட்பவர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகமாட்டார். “எல்லாவற்றையும் கவனிப்போம்” என்பார். அதற்கு எதையும் கவனிக்கமாட்டோம் என்று அர்த்தம்!

மாதிரிக்கு ஒரு பேச்சு

லயத்துக் குழாய்த் தண்ணீர் பற்றி நிர்வாகத்திடம் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்படிப் பேசிப் பாருங்கள்:

“எல்லாருக்கும் வணக்கம். நாலாவது லயத்துக்கு இன்னும் இரண்டு குழாய் போட்டுத் தர வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்தேன். அங்கே பன்னிரண்டு வீடு இருக்கிறது. குழாய் ஒன்றுதான். காலையில் ஒரு மணி நேரந்தான் வேகமாகத் தண்ணீர் வருகிறது. அந்த நேரத்தில் நாங்கள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். போன மாதம் மூன்று நாள் ஒரு சொட்டும் வரவில்லை. அந்தத் தேதிகளை இந்தத் தாளில் எழுதியிருக்கிறோம். தோட்டத்தில் வீடு கொடுக்கும் முதலாளி போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டம் சொல்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் வேலை தொடங்குமா என்று தெரிந்தால் போதும். வீடுகளின் விவரமும் கையெழுத்துகளும் இந்த மனுவில் இருக்கின்றன. நன்றி.”

கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். நிதானமாகப் பேசினாலும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எதை விட்டுவிட்டோம்? ஒன்றையும் விடவில்லை. யாரையாவது திட்டினோமா? இல்லை. பணிந்து கெஞ்சினோமா? அதுவும் இல்லை. “ஆகட்டும் பார்ப்போம்” என்று மழுப்பவும் முடியாது. தேதி கேட்டிருக்கிறோமே!

மனுவைக் கவனித்தீர்களா? பேச்சில் அடங்காத விவரமெல்லாம் தாளில் இருக்க வேண்டும். பேச்சு காற்றோடு போய்விடும். தாள் கோப்பில் உட்காரும். ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ கையெழுத்தோ வாங்கிக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் இலாகாவுக்குப் புகாரோடு போகிறவர்களுக்கும் இதே புத்திதான். அங்கிருக்கும் அதிகாரி நாளெல்லாம் வழக்குக் கேட்பவர். எங்கே வேலை, எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், என்ன சம்பளம், எவ்வளவு பாக்கி, என்ன ஆதாரம் என்பதைத்தான் அவர் எழுதிக்கொள்வார். மண்டோர் முறைத்துப் பார்த்த கதையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். தொழில் உறவு இலாகாவில் இன்னொரு கெடுவும் இருக்கிறது. நியாயமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்று முறையிடுவதானால், 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் முறையிட வேண்டும். பேச்சில் நேரம் தப்பினால் கொஞ்சம் போகும். அந்தக் கெடு தப்பினால் வழக்கே போய்விடும்.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

எழுதியதை மனத்துக்குள் வாசித்துவிட்டு “மூன்று நிமிடந்தான் வருகிறது” என்று நம்பி ஏமாறாதீர்கள். கண் வேகமாக ஓடும், வாய் மெதுவாகத்தான் நடக்கும். எழுந்து நின்று, வாய்விட்டு, எதிரே ஆள் இருப்பதாக நினைத்துச் சொல்லிப் பாருங்கள். வீட்டுப் பிள்ளையிடம் கடிகாரத்தைக் கொடுங்கள். இப்போது கைத்தொலைபேசியிலேயே நிமிடம் காட்டும் வசதி இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, நமக்குப் பயிற்சி. மூன்று முறை சொல்லிப் பார்த்தால் பயமும் பாதி போய்விடும்.

ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் நாலு நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். ஒரு நிமிடம் எப்படியும் எங்கேயாவது போய்விடும். நேரமாகிவிட்டது, மூன்று நிமிடத்தில் முடியுங்கள் என்று தலைவர் சொல்லக்கூடும். அப்போது எதை விடலாம் என்று முன்கூட்டியே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். வேகமாகப் பேசி முழுவதையும் முடிக்கப் பார்க்காதீர்கள். சொல் சொல்லாக விழாமல் உருண்டு ஓடினால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

மணி அடித்துவிட்டதா? சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடியுங்கள். என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் மறுபடி சொல்லுங்கள். நன்றி சொல்லி உட்காருங்கள். “இன்னும் ஒரே நிமிடம் தலைவர் அவர்களே” என்று ஏலம் கேட்க வேண்டாம். “இறுதியாக” என்று சொன்னால் அது உண்மையிலேயே இறுதியாக இருக்கட்டும்!

பெரியவர்கள் காட்டிய வழி

நீளமாகப் பேசினால்தான் மதிப்பு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்த காலம். 1863ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி, கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் போரில் இறந்த வீரர்களின் கல்லறைத் திடலை அர்ப்பணிக்கும் சடங்கு. முக்கியப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து எழுந்த அதிபர் ஆப்ரஹாம் லிங்கன் இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார். உலகம் இன்றும் படிப்பது எந்தப் பேச்சை? லிங்கன் பேச்சைத்தான். நான் இரண்டு மணி நேரத்தில் தொட முடியாத கருத்தைத் தாங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்டுவிட்டீர்கள் என்ற பொருள்பட, மறுநாளே எவரெட் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார். அதுவல்லவா பெருந்தன்மை!

நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி, மெர்டேக்கா அரங்கத்தில் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார் துங்கு அப்துல் ரஹ்மான். பிரகடனத்தில் என்னென்ன வாசகம் இருந்தது என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. ஆனால் அவர் கையை உயர்த்தி ஏழு முறை “மெர்டேக்கா” என்று முழங்கியது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரே சொல்!

நம் வள்ளுவர் இதை எப்போதோ சொல்லிவிட்டார். சொல்வன்மை அதிகாரத்தில் 649ஆம் குறளை எடுத்துப் பாருங்கள். குற்றமில்லாத சில சொற்களால் சொல்லத் தெரியாதவர்கள்தான் பல சொற்களைப் பேச ஆசைப்படுவார்கள் என்கிறார். நீளம் பேசுவது திறமையின் அடையாளம் அல்ல, தயாரிக்காததன் அடையாளம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கூட்டம் நடத்துகிறவர்களுக்கு

பேசுகிறவரை மட்டும் குறை சொன்னால் போதாது. கிளைத் தலைவர்களும் கோயில் தலைவர்களும் பெற்றோர் சங்கத்தாரும் மூன்று காரியம் செய்யலாம். எவ்வளவு நேரம் என்பதைக் கூட்டத்தன்று அல்ல, ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது ஒரு மணி, முடிந்ததும் இரண்டு மணி அடிக்க ஒருவரை உட்கார வையுங்கள். அந்த மணி தலைவருக்கும் அடிக்கட்டும்! பெண்களையும் இளையவர்களையும் பட்டியலின் முன்னால் போடுங்கள். கடைசியில் பேசுகிறவர் நேரம் போனால், அது பேசிப் பழகியவர் நேரமாக இருக்கட்டும்.

பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்குப் போகும்போதும் நேரத்துக்குள் முடிக்கப் பழக்குங்கள். பல போட்டிகளில் நேரம் தாண்டினால் புள்ளியைக் குறைக்கிறார்கள். நாளைக்கு வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று போய் உட்காரும்போது, “உன்னைப் பற்றிச் சொல்” என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லத் தெரிந்த பிள்ளைதான் ஜெயிக்கும்.

நம் சனம் பேசாமல் இருந்து கெட்டது ஒரு காலம். பேச வாய்ப்புக் கிடைத்தும் நேரத்தைக் கொட்டிக் கவிழ்த்துக் கெடுவது இன்னொரு காலமாக ஆகிவிடக் கூடாது.

நான் இன்றும் எந்த மேடையில் ஏறினாலும் பக்கத்தில் அந்த அக்கா நிற்பதாகவே நினைத்துக்கொள்வேன். “என் நேரத்தையும் சேத்துப் பேசிட்டியேப்பா” என்று அவர் மறுபடி சொல்லும்படி நடந்துகொள்ளக் கூடாது அல்லவா?

எனக்குக் கொடுத்த இடமும் முடிந்தது. மணி அடிப்பதற்குள் உட்கார்ந்துவிடுகிறேன். வணக்கம்.